நான் அழித்த கடைசிப் பத்தி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? அம்மா இப்போது இரண்டு வேளை சாப்பிடுகிறாள். அப்பாவின் நாற்காலியை மட்டும் யாரையும் நகர்த்த விடுவதில்லை.

ஆம்புலன்ஸ் டிரைவர்மேல் நீ கொடுத்த புகாரில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. வழியில எங்கேயோ டீ குடிச்சுட்டு நின்னிருப்பான் என்று நீ போனில் கத்தினாய். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

என் வேலை என்னவென்று நீ கேட்டதே இல்லை. ஆம்புலன்ஸை எங்கே நிறுத்தினால் சீக்கிரம் வந்து சேரும் என்று ஒரு புரோகிராம் இடத்தை மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டுப் பார்க்கும். அது கக்குகிற எண்களை, பகுதிக்கு ஒரு வரி, விவரத்துக்கு மேலிருந்து கீழாக ஒரு பத்தி என்று அட்டவணையாக்குவது நான். கடைசிப் பத்தியில் பூஜ்யம் இருந்தால் சரியான இடம் கிடைத்துவிட்டது. ஒன்று இருந்தால், இத்தனை தடவைதான் மாற்றிப் பார்க்கலாம் என்று கொடுத்த சுற்றுகள் தீர்ந்துபோய்த் தேடல் பாதியில் நின்றுவிட்டது. அந்த இடத்தை நம்பக் கூடாது.

நம் பகுதிக்கு ஒன்று. பார்த்தேன், தம்பி. மேலதிகாரியிடம் சொன்னேன். அது எதுக்கும்மா, பாக்கிறவங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க, எடுத்துடுங்க, டேபிள் பளிச்சுன்னு இருக்கட்டும் என்றார். எடுத்துவிட்டேன். அதோடு போயிற்றா? இவ்வளவு சுத்தமான அட்டவணையைப் பார்த்ததே இல்லை என்று கூட்டத்தில் பாராட்டியபோது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். சீ!

அந்த அட்டவணையை நம்பி நம் பகுதி ஆம்புலன்ஸை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்கள். அன்றைக்குச் சரக்கு ரயில் போய் முடியும்வரை டிரைவர் மூடிய கேட்டின் முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கேட்கீப்பரே என்னிடம் சொன்னார். இங்கே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பதறாதம்மா, வண்டி வந்துரும் என்று எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அழிக்காத அட்டவணை என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதோடு போகிறேன். டேபிள்ல உங்க கையெழுத்துதானேம்மா இருக்கு என்று மேலதிகாரி இப்போதே கைகழுவிவிட்டார். என் வேலை போகட்டும். அப்பாவின் சாவுக்கு வந்து, உள்ளே வரப் பயந்து தெருமுனையிலேயே நின்றுவிட்டுப் போன மனுஷன் அந்த டிரைவர். உன் புகாரில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுது.

அம்மாவிடம் அன்று சாயங்காலம் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் என் கையால் தண்ணீர்கூட வாங்குவாளோ என்னவோ. நீ வந்து அவள் பக்கத்தில் இருடா. என்னோடு பேச வேண்டாம்.

நன்றாக இரு.

நீ இன்னும் அப்படிக் கூப்பிடுவாயென்றால்,
உன் அக்கா