போர்டு போகவில்லை

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம், டிவியும் சௌக்கியம். நீயும் மருமகளும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ ஒரு நிமிஷம்ப்பா என்று சொல்லிவிட்டு வேறு யாரிடமோ பேசப் போய்விடுகிறாய், காகிதத்தை அப்படி நிறுத்திவைக்க முடியாது. அதோடு, அந்தப் பழைய குப்பையைத் தூக்கிப் போடுங்கப்பா, புதுசு அனுப்பறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து உன்னோடு பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். எழுதுவது பேசுவதில் சேராது.

நீ அனுப்பிய புது டிவி பெட்டியோடு கூடத்தில் சுவரோரம் நிற்கிறது. அதற்கு இடம் விட்டு சோபாவை நகர்த்தியதில் அலமாரிக் கதவு பாதிதான் திறக்கிறது. உன் அம்மா பெட்டியின் மேல் துணி மடித்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள், இந்த வீட்டில் அதனால் ஆன ஒரே பிரயோஜனம் அதுதான். வெள்ளிக்கிழமை கடை ஆட்கள் வந்து புதியதை மாட்டிவிட்டுப் பழையதைக் கழற்றிக்கொண்டு போவார்கள் என்று அங்கே உட்கார்ந்தபடியே ஏற்பாடு செய்துவிட்டாய். என் சுவரில் இருப்பதை எடுத்துப் போக என்னை ஒரு வார்த்தை கேட்க உனக்குத் தோன்றவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் அது பழுதில்லை என்று நிரூபித்தாக வேண்டிய கட்டாயம் எனக்கு வந்தது. நிரூபித்தும்விட்டேன். எப்படி என்று பொறுமையாகப் படி, உனக்கும் இதில் பங்கு இருக்கிறது.

போன தடவை வந்தபோது நீதான் கேபிளைப் பிடுங்கிவிட்டு, எல்லாம் நெட்டுலயே வரும்ப்பா என்று சொல்லி, திரையில் வந்த ஒரு நம்பரை உன் போனில் போட்டு இரண்டையும் இணைத்துவிட்டுப் போனாய். அந்த வீடியோ பக்கத்தில்தான் சாயங்காலம் செய்தி பார்க்கிறேன். கொஞ்ச நாளாகச் செய்தி வாசிக்கிற பெண் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே அவளைத் தள்ளிவிட்டுத் தொப்பி போட்ட மஞ்சள் வாத்துகள் வரிசையாக வந்து நின்று பாட ஆரம்பித்தன. நான் ரிமோட்டைத் தொடவில்லை. உன் அம்மா, நீங்கதான் எதையோ அமுக்கிட்டீங்க என்றாள். இந்த வீட்டு மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் பிரித்துச் சேர்த்தவனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை அது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டது அவளுடைய யோசனை. அவன் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, போர்டு போயிடுச்சு சார் என்றான். திறந்து பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். சத்தத்துலயே தெரிஞ்சிடும் சார் என்றான். அப்போது டிவி அணைந்திருந்தது. சுவர்க் கடிகாரத்தைக் காட்டியிருந்தாலும் போர்டு என்றுதான் சொல்லியிருப்பான், அவனுக்குப் போர்டு என்றே பெயர் வைத்துவிட்டேன். அடுத்து உன் அக்கா வீட்டுக்காரர் எழுந்தருளினார். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் படித்தவர் அல்லவா, கையைக் கட்டிக்கொண்டு டிவியை ரொம்ப நேரம் முறைத்துப் பார்த்தார், பிறகு இது வைரஸ் மாமா என்றார். சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டார். இப்ப க்ளீனாயிடுச்சு மாமா என்று காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் வாத்துகள் வந்துவிட்டன. இதற்குத்தான் அவ்வளவு படிப்பு.

பிறகு நானே இறங்கினேன். முதலில் ஸ்டெபிலைசரை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. மாடி வீட்டுக்காரன் ரிமோட்டை நம் பக்கம் நீட்டுகிறானோ என்று சந்தேகம் வந்தது, போய்க் கேட்டேன். சார், எங்க வீட்ல டிவியே இல்லையே என்றான். டிவி இல்லாத வீட்டில் ரிமோட் இருக்கக்கூடாது என்று சட்டமா என்ன. நம் டிவியில் ரிமோட் ஒளி விழுகிற இடத்தைக் கறுப்பு டேப் ஒட்டி மூடினேன், ரிமோட்டின் பேட்டரியையும் கழற்றினேன், வாத்துகள் கவலைப்படவில்லை. டிவியை இறக்கிக் கட்டில் மேல் போர்வை விரித்துக் கவிழ்த்து வைத்து முதுகைத் திறந்தேன். உள்ளே தூசிதான், பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். போர்டில் ஒரு கருகல் இல்லை, ஒரு வீக்கம் இல்லை, கடையிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மூடும்போது மூலையில் ஒரு கொக்கி உடைந்தது. அது ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது, உன் அம்மா வேறு மாதிரிச் சொன்னால் நம்பாதே. சைக்கிள் டியூபை வெட்டி இழுத்துக் கட்டியிருக்கிறேன், முன்பைவிட உறுதி.

மாட்டிப் போட்டால் அன்று சாயங்காலமும் வாத்து. கோளாறு உள்ளே இல்லை என்றால் வெளியிலிருந்துதான் வரவேண்டும், வெளியிலிருந்து வர மிச்சம் இருப்பது நெட் வயர் ஒன்றுதான். அதைப் பிடுங்கினேன். சற்று நேரத்தில் வாத்துகள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றன. திரும்பச் செருகியதும் பாடின. டேப்பை உரித்து, பேட்டரியைப் போட்டு, ரிமோட்டைக் கையில் எடுத்துப் பாட்டை நிறுத்தினேன். அது தானாக ஓடியது. மறுபடி நிறுத்தினேன், மறுபடி ஓடியது. சத்தத்தைக் குறைத்தேன், ஏறியது. செய்திக்கு மாற்றினேன், மாற்றின கையோடு வாத்து. நானும் விடவில்லை, அதுவும் விடவில்லை. வைரஸுக்கு இவ்வளவு ரோஷம் கிடையாது, போர்டுக்கும் கிடையாது. இந்தப் பிடிவாதம் எங்கேயோ பார்த்த பிடிவாதமாக இருக்கிறதே என்று நான் யோசிக்கும்போது உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேல மூலையில நம்ம பையன் பேரு வந்து வந்து போகுது பாருங்க, எத்தனை தடவை சொன்னேன், காதுல வாங்குனீங்களா என்றாள். முன்பு சொன்னதாக எனக்கு நினைவில்லை.

மறுநாள் நீ அவளைக் கூப்பிட்டுப் புலம்பினாய். அவள் போனை மேஜை மேல் சத்தமாக வைத்துப் பேசினாள், நான் பேசவில்லை, கேட்டேன். குட்டிக்குச் சாப்பாடு ஊட்டும்போது போனைக் கையில் கொடுத்தால் பாட்டுப் படமே வருவதில்லை, வெறும் பட்டன்தான் தெரிகிறது, போன் கெட்டுப்போச்சு, இந்த வாரம் புதுசு வாங்கணும் என்றாய். அதுலயும் அந்தப் பட்டனைத் தட்டித் தட்டி என்ன சிரிப்பு சிரிச்சாம்மா நேத்து, ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டுட்டா என்றாய். அட படித்தவனே, படம் எங்கே போயிற்று என்று உனக்கு ஒரு யோசனை வரவேண்டாமா. நீ இணைத்துவிட்டுப் போன நம் வீட்டு டிவியின் பெயர் உன் போனில் நிற்கிறது, குழந்தை அதைத் தட்டியிருக்கிறாள், அவள் போடுகிற பாட்டெல்லாம் என் சுவரில் வந்து விழுகிறது. ஒரே கோளாறுக்கு நீ இங்கே ஒரு டிவியையும் அங்கே ஒரு போனையும் தூக்கிப் போடப் பார்த்தாய். கெட்டுப்போனது இரண்டும் இல்லை, யோசிக்கிற பழக்கம்தான்.

வெள்ளிக்கிழமை கடை ஆட்கள் வந்தார்கள். டிவியின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். உங்க பையன்தான் கேன்சல் பண்ணணும் சார் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்கள், பண்ணிவிடு. பெட்டியைக் கொடுப்பதற்கு முன்னால் துணிகளை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு விஷயம். நீ வீடியோவில் கூப்பிடும்போது குட்டி என் முகத்தைப் பார்த்ததும் உன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். தாத்தாவுக்கு டாட்டா சொல்லு என்று நீதான் அவள் கையைப் பிடித்து ஆட்டுவாய். இதுவரை நான் கேட்ட எதற்கும் அவள் பதில் சொன்னதில்லை. அன்றைக்கு நான் நிறுத்திய ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. போனை மாற்றினால் இந்த இணைப்பு போய்விடும் என்கிறார் மாப்பிள்ளை. அவர் இதுவரை சொன்னதில் ஒன்றுகூட உண்மையாக இருந்ததில்லை, இது இருந்துவிடுமோ என்று பார்க்கிறேன். ஆகவே அந்தப் போனைத் தொடாதே, மாற்றாதே, எதையும் தட்டிச் சரிசெய்யாதே. நீ சரிசெய்தால் அதற்குப் பெயர்தான் பழுது.

மருமகள் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், நீ நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும். தலைப்புச் செய்திகள் முடியும் வரை மட்டும் குட்டியின் கையில் போனைக் கொடுக்காதே. முடிந்த பிறகு நான் ரிமோட்டோடு தயாராக உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன்னோடு இன்னும் பேசாத
அப்பா