பிரேக்குக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம்

என் செல்ல அம்மா,

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த நேரத்தில் உன்னைத் தவிர யாரிடம் பேசுவது?

நீ எங்களை விட்டுப் போன பிறகு இங்கே என்னென்னவோ நடந்துவிட்டது. இவரை ஹல்தியா துறைமுகத்துக்கு மாற்றிவிட்டார்கள், சனிக்கிழமைதான் வருகிறார். பாப்பாவைப் பள்ளிக்குக் கொண்டுவிட ஒரு பழைய கார் வாங்கினோம். ஓட்டுவது நான். சைக்கிள் எடுத்தாலே வாசலில் நின்று பதறுவாயே, அதே நான்தான். லைசென்ஸ் கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. குருக்கள் இன்னொன்றைக் கையில் கொடுத்தார். அதை டேஷ்போர்டில் வைத்தேன். நீயும் அதைத்தான் செய்திருப்பாய்.

இன்று சாயங்காலம் பாப்பாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு கரியாஹாட் கடைத்தெருவில் திரும்பும்போது அது உருண்டு கீழே விழுந்தது. விழுந்ததைப் பார்த்தேன் அம்மா. வீட்டுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. காய்கறிப் பையோடு ஒரு பெண் குறுக்கே வந்தாள். பிரேக்கை மிதித்தால் பாதியில் நின்றுவிட்டது. எவ்வளவு அழுத்தினாலும் இறங்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வண்டி குலுங்கி நின்றபோது அவள் பை பம்பரில் உரசிக்கொண்டிருந்தது. பாப்பா முன்சீட்டில் மோதிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

சுற்றி எல்லோரும் கத்தினார்கள். அந்தப் பெண் கத்தவில்லை. ஜன்னல் பக்கம் வந்து பின்சீட்டை ஒருமுறை பார்த்தாள். அண்ணியைக் கூப்பிடுவதுபோல் ‘பௌதி’ என்று கூப்பிட்டு, வங்க மொழியில் மெதுவாகச் சொன்னாள்.

“பௌதி, உங்க பொண்ணு உங்க கூட இருக்கு. என் பொண்ணு வீட்ல எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு.”

அவள் போன பிறகு குனிந்து, பிரேக்குக்கு அடியில் சிக்கியிருந்த பழத்தை எடுத்தேன்.

இவரிடம் போனில் சொன்னேன். பழம் திருஷ்டியை வாங்கிக்கொண்டது, விடு என்கிறார். நீதான் என் கையைப் பிடித்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தாய் என்று மாடி வீட்டு மாமி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. நீயா அம்மா? சரி, நீயென்றே வைத்துக்கொள்வோம். நீ பார்க்காத ஒரு நாளில் என்ன ஆகும்?

சாப்பிடும்போது பாப்பா கேட்டாள், “பிரேக் கெட்டுப்போச்சாம்மா?”

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா. “இல்லடா, அம்மாதான் சரியா பாக்கல” என்றேன். உடனே அவள், “அப்ப நாளைக்குப் பாப்பியா?” என்றாள்.

நாளைக்கும் நான்தான் ஓட்டப்போகிறேன். பயமாக இருக்கிறது, இருக்கட்டும். கிளம்பும் முன் குனிந்து காலடியைப் பார்ப்பேன். எது விழுந்தாலும், பின்னால் எத்தனை ஹார்ன் அடித்தாலும், ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் எடுப்பேன். தெருவில் குறுக்கே வருகிற ஒவ்வொருத்தியும் வீடு போய்ச் சேரவேண்டும்.

உன்மேல் சத்தியம் என்று எழுத வந்தேன். வேண்டாம். இதையும் உன் தலையில் ஏற்ற மாட்டேன். இது என்மேலேயே இருக்கட்டும்.

உன் மகள்,
பாப்பாவின் அம்மா