சுவருக்கு அந்தப்பக்கத்துப் பாட்டு

ஐப்பசி, வெள்ளி இரவு

போன வாரம் வைஃபை பாஸ்வேர்டை மாற்றியும் அந்தப் பெயர் தெரியாத போன் மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது. யாருடையது என்று பார்த்தே தீருவது என்று இன்று சாயங்காலம் என் போனைத் தவிர வைஃபையில் இருந்த எல்லாவற்றையும் அணைத்தேன். அது மட்டும் பட்டியலை விட்டு அசையவில்லை. பிளாக் செய்தேன்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப்பக்கம், கொழுந்தனார் தறியருகே ஓடிய பாட்டு பாதியில் நின்றது. பாகம் பிரித்துச் சுவர் எழுப்பியதிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சே கிடையாது.

இவர் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா பண்ண? உட்டுடு. அந்தப் பாட்ட கேட்டுக்கினுதான் நானும் நெய்யறேன்."

திறந்துவிட்டேன். பாட்டு வந்தது. இவர் தறியும் ஓடியது.

புது பாஸ்வேர்டு எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை.