ஆட்சேபணை இல்லை

அன்புள்ள பட்டாணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்பது ஞாயிறு தவறாமல் எனக்குத் தெரிந்துவிடுகிறது. அம்மா கூடத்தில் உட்கார்ந்து உன்னோடு போனில் பேசும்போது நான் உள் அறையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருப்பேன், இந்த ஆறு வருஷத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்குள் நான் ஒரு பக்கம்கூடத் திருப்பியதில்லை, அம்மாவுக்கு அது தெரியும், தெரிந்துதான் நீ சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்லி உரக்கப் பேசுவாள், உனக்குச் சளி பிடித்தது, நீங்கள் வீடு மாறியது, புது வீட்டின் சமையலறை ஜன்னல் மூடவே மாட்டேன் என்று அடம்பிடிப்பது, எல்லாம் அந்த வழியாக எனக்கு வந்து சேர்ந்ததுதான். உன் குரல் மட்டும் வராது. போன ஞாயிறு என்ன தோன்றியதோ, எழுந்து வந்து போனை நானே வாங்கினேன். நீ ஹலோ என்றாய். அங்கே மழையா என்று கேட்டேன். இல்லப்பா என்றாய். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஆறு வருஷத்துக்கும் சேர்த்து நான் பேசியது அவ்வளவுதான். இதுக்கு ரேடியோவுல வானிலை அறிக்கை கேட்டிருக்கலாமே என்றாள் அம்மா. அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நீ அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாய். அடுத்த மாதம் வேலையாக வருகிறாயாம், இங்கிருந்து ரயிலில் நாலு மணி நேரத் தூரத்து ஊராம், பதினோரு நாள் தங்குவாயாம், மாப்பிள்ளையும் கூட வருகிறாராம், நடுவில் இரண்டு நாள் வீட்டுக்கு வரலாமா என்று அப்பாவிடம் கேட்டுச் சொல் என்றாயாம். இருபதாம் தேதிக்குள் டிக்கெட் போட வேண்டுமாம். வழக்கமாக இப்படி ஏதாவது வந்தால் அம்மா நடுவில் நின்று இந்தப் பக்கச் சொல்லைக் கொஞ்சம் இனிப்பாக்கி அந்தப் பக்கம் கொடுத்துவிடுவாள். இந்தத் தடவை கையை விரித்துவிட்டாள். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால் சுமந்தது போதும். அவ கேட்டது உங்கள. வாயால சொல்றீங்களோ கையால எழுதுறீங்களோ, நீங்களே சொல்லுங்க" என்றாள். வாயால் சொன்னால் என்ன ஆகும் என்பது ஞாயிறே தெரிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் அலுவலகத்தில் எழுத்தில் போட்டதை எழுத்தில்தான் ரத்து செய்ய முடியும். வாய்வார்த்தை செல்லாது.

வீட்டுச் செய்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழ்வீட்டுத் தையல்காரர் வந்து மாடிப்படியில் ஒட்ட ஓர் அறிவிப்பு எழுதித் தரச் சொன்னார், முதல் மாடியில் குழாயைத் திறந்து போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள், மூன்றாம் மாடிக்கு, அதாவது நமக்கு, தண்ணீர் ஏறுவதில்லை. ஓய்வுபெற்று இரண்டு வருஷமாகக் கை அரித்துக்கொண்டிருந்ததா, அரைப் பக்கம் எழுதினேன். குடியிருப்போர் அனைவரின் கனிவான கவனத்துக்கு என்று தொடங்கி, நீரின் சிக்கனப் பயன்பாட்டை உறுதிசெய்யும் பொருட்டு என்று வளர்ந்து, ஒத்துழைப்பை நாடி முடிந்தது. தையல்காரர் படித்துவிட்டு, பிரமாதமா இருக்கு சார், என்ன சொல்ல வர்றீங்க என்றார். ஒரு வாரம் சுவரில் இருந்தது. ஓரத்தில் யாரோ பிளம்பரின் நம்பரைக் குறித்து வைத்திருந்தார்கள், அந்தக் காகிதத்தால் ஆன உபயோகம் அது. பிறகு அம்மா காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில், மூணாவது மாடியில குழந்தையக் குளிப்பாட்டத் தண்ணி இல்ல, வெளிய போகும்போது குழாய மூடிட்டுப் போங்க, என்று எழுதி அதே இடத்தில் மாட்டினாள். அன்று சாயங்காலமே தண்ணீர் ஏறியது. மூணாவது மாடியில் ஏது குழந்தை என்று கேட்டேன். என்னிக்காவது வரும்ல என்றாள். இதை நான் சொன்னதாக அவளிடம் சொல்லிவிடாதே.

நீ வரும் வேலை ஆலைத் தொழிலாளர்கள் முன்னால் நின்று புது இயந்திரத்தை விளக்கிச் சொல்வது என்றும், கூட்டத்தில் பேசுவதென்றால் உனக்கு இப்போதும் தொண்டை வறண்டுபோகிறது என்றும் அம்மா உரக்கச் சொல்லித் தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பதினாறு வருஷம் நான் குடிநீர் வாரியத்தின் புகார் ஜன்னலில் உட்கார்ந்தவன். தண்ணீர் வராதவர்கள்தான் அங்கே வருவார்கள், வரும்போதே கத்திக்கொண்டு வருவார்கள். முதலில் உட்காரச் சொல்ல வேண்டும். உட்கார்ந்தவன் நின்றவன் அளவுக்குக் கத்த மாட்டான். ஒரு நாள் ஒரு பெண் வந்தாள், பழைய இரும்புச் சாமான் வாங்கி விற்பவள், கையில் நான் எழுதிய கடிதம். தங்கள் மனு உரிய முறையில் பரிசீலனையில் உள்ளது என்று அதில் இருந்தது. அவள் கத்தவில்லை. கடிதத்தை ஜன்னல் வழியாக நீட்டி, இத எழுதினது யாரு என்றாள். நான்தான் என்றேன். தண்ணி வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க என்றாள். வராது, குழாய் மாற்ற இன்னும் ஆறு மாதம் ஆகும் என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது, பட்டாணி. அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். "இதையே எழுதியிருந்தா நான் ரெண்டு பஸ் மாறி வந்திருக்க மாட்டேனே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று முதல் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் பென்சிலால் ஒரு வரி சேர்ப்பேன், ஆறு மாதம் ஆகும், அல்லது நாளை வரும், அல்லது வரவே வராது. மேலதிகாரிக்குத் தெரியாது. நீயும் அந்தத் தொழிலாளர்களிடம் முதலில் அவர்கள் கேட்க நினைப்பதற்குப் பதிலைச் சொல்லிவிடு, இந்த இயந்திரம் வந்தால் என் வேலை போகுமா போகாதா என்பதுதான் அவர்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். அதைச் சொல்லாமல் மற்றதை எவ்வளவு அழகாகச் சொன்னாலும் உள்ளே போகாது. பார், ஊருக்கு எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

நம் ஆபீஸ் உனக்கு ஞாபகம் இருக்கிறதா. உனக்கு எட்டு வயது. நான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளை நீட்டினாய். ஐயா, பூனை வளர்க்க அனுமதி வேண்டி. எங்கே கற்றாய் என்று தெரியவில்லை, நான் வீட்டில் விட்டுப் போகும் நகல்களைப் படித்திருப்பாய். நான் சிவப்பு மையில், பூனையின் நிறம், வயது, குணம் குறிப்பிடப்படவில்லை, மனு திருப்பப்படுகிறது, என்று எழுதிக் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தது. நிறம் கறுப்பு, குணம் நல்லது, வயது அதுக்கே தெரியாது. சோடா மூடியை மைப்பெட்டியில் அழுத்தி முத்திரை குத்தி அனுமதித்தேன். அதன் பிறகு எத்தனை மனு. ஜன்னல் ஓரக் கட்டில் வேண்டி. கணக்கு டியூஷனை ரத்து செய்ய வேண்டி. அம்மா என்னைத் திட்டியதை விசாரிக்க வேண்டி. மேசையின் இரண்டாவது இழுப்பறைதான் தபால் பெட்டி, மாலை ஆறு மணிக்குத் திறப்பேன், நீ சற்றுத் தள்ளி நின்று பார்க்காத மாதிரி பார்ப்பாய். அப்பனும் மகளும் ஆபீஸ் நடத்துறீங்க, எனக்கு அதுல ஒரு பியூன் வேலையாவது போட்டுக் குடுங்க என்பாள் அம்மா. இருபத்திரண்டாம் வயதில் மேற்படிப்புக்கு வெளியே போக வேண்டி என்று கடைசி மனு வந்தது. இரண்டு நாள் இழுப்பறையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ஆட்சேபணை இல்லை என்று எழுதினேன். நீ கத்திக்கொண்டு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாய், என் கண்ணாடி கீழே விழுந்து ஒரு பக்கம் விரிசல் விட்டது. அந்த இரண்டு வார்த்தைக்காக எங்கள் அலுவலகத்தில் மனிதர்கள் மாதக்கணக்கில் ஜன்னலில் நின்றிருக்கிறார்கள், கிடைத்ததும் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய வார்த்தை எங்களிடம் கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன் உன் கடிதம் வந்தது. நான்கு பக்கம், கையால் எழுதியது. இன்னாரைத் திருமணம் செய்யப்போகிறேன், இந்தத் தேதியில் இங்கே பதிவு அலுவலகத்தில், பிறகு விடுமுறையில் அவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வரலாமா. நான் பதில் எழுதினேன். பொருள் என்று போட்டு, பார்வை என்று போட்டு, உன் கடிதத்தின் தேதியைப் போட்டு, அதன் கீழே ஒன்று, இரண்டு, மூன்று. பார்வையில் கண்ட கடிதம் பெறப்பட்டது. அதில் கண்ட விவரங்கள் குறித்துக்கொள்ளப்பட்டன. தங்கள் வருகைக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை. உன் பதில் ஒரே வரி. குறித்துக்கொள்ளப்பட்டது. அவ்வளவுதான். நீ வரவில்லை.

அது விளையாட்டு, பழைய நம் ஆபீஸ் விளையாட்டு, நீதான் தப்பாக எடுத்துக்கொண்டாய் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவிடமும் ஒரு தடவை சொன்னேன். விளையாடுற மூஞ்சியா அன்னிக்கு உங்க மூஞ்சி என்றாள். இந்தக் கடிதத்தைக்கூட மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று, மூன்றிலும் விளையாட்டு என்றுதான் எழுதியிருந்தேன், அப்படி எழுதுவது சுலபமாக இருந்தது. உண்மை வேறு. அதுவரை நீ எனக்கு எழுதியதெல்லாம் மனு. அது மனு இல்லை. கல்யாணத்துக்கு நீ அனுமதி கேட்கவில்லை, சொன்னாய். சொல்ல வேண்டிய வயதில் சொல்ல வேண்டியதைச் சொன்னாய். எனக்குக் கோபம்கூட இல்லை, கோபம் என்றால் கோபமாகவே எழுதியிருப்பேன், நீ பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாய், ஒரு மாதத்தில் தீர்ந்திருக்கும். பயம். இனி இவளுக்கு என்னிடம் கேட்க எதுவும் இருக்காது என்ற பயம். பயந்தவன் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். தண்ணீர் வராது என்று முன்பின் தெரியாத பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவனுக்குப் பெற்ற மகளிடம் வா என்று எழுதக் கை வரவில்லை. உன் ஆறு வருஷத்தை நான் வீணாக்கினேன். என்னுடையதும் போயிற்று, ஆனால் அதை இதில் சேர்க்கக் கூடாது.

உன் அந்த நான்கு பக்கக் கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. அதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் அவரை முதன்முதலில் பார்த்ததைச் சொல்லியிருந்தாய், பஸ் நிறுத்தத்தில் தவறான பஸ்ஸுக்கு இருவரும் அரை மணி நேரம் காத்திருந்தது. படித்துச் சிரித்தேன், அன்றைக்கே சிரித்தேன், அதை எழுதியிருக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் அப்பாவுக்கு வருத்தமாக இருக்குமா என்று கேட்டிருந்தாய். இருந்தது. ஒரு வாரம் இருந்தது, அதற்குப் பிறகு இருந்ததெல்லாம் நீ வராத வருத்தம். மூன்றாம் பக்கத்தில், அவருக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் ஒரு காது போய்விட்டது, அந்தப் பக்கமிருந்து யாராவது பேசினால் கேட்காமல் சிரித்துச் சமாளிப்பார், அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது, முக்கியமாக அப்பா, என்று எழுதியிருந்தாய். அப்பா எடுத்துக்கொள்ள மாட்டேன். நான்காம் பக்கத்தில் வரலாமா என்று கேட்டிருந்தாய்.

வா. இரண்டு நாள் என்று கணக்குப் போடாதே, எத்தனை நாள் முடியுமோ அத்தனை நாள் இரு. அவரையும் அழைத்துக்கொண்டு வா. நான் எதுவும் அழகாகப் பேச மாட்டேன், சாப்பிட்டாயா தூங்கினாயா என்றுதான் கேட்பேன், ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பேசுவதற்கு முன் ஒரு வாய் வெந்நீர் குடி. நீங்கள் இருவரும் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்கும்படி நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும், என் ஆசி. அம்மாவை இரண்டு வரி எழுதச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டாள், இது முழுக்க உங்க கடுதாசி என்கிறாள். இருபதாம் தேதியை மறந்துவிடாதே.

மாப்பிள்ளைக்குக் கேட்காதது எந்தக் காது என்று நீ எழுதவில்லை. சாப்பிடும்போது நான் அவருக்கு எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று தெரிய வேண்டும். அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே. என்னிடம் சொல்.

உன்
அப்பா