இடது காலில் ஒரு தட்டு

என் இடப்பக்கத்துக் காவல்காரனே,

இங்கே பனி உருகத் தொடங்கிவிட்டது. இந்த ஐஸ் ஹாக்கி சீசனில் ஐம்பத்திரண்டு ஆட்டங்களில் பதினொன்றுதான் ஜெயித்தோம். ரொட்டிக் கடையில்கூட என்னைக் கண்டதும் பேச்சை மாற்றுகிறார்கள்.

கடைசி ஆட்டம் மட்டும் கனவுபோல இருக்கிறது. வெளியே திடீர் வெயில் அடித்ததில், அரங்குக்குள் ஐஸின்மேல் மூடுபனி எழுந்து இடுப்புவரை நின்றது. ஆட்டம் தொடங்கும் முன் அதற்குள்ளிருந்து நீ வழுக்கிக்கொண்டு வந்தாய், எதிரணிச் சட்டையில். நம் அணியில் நான்கு வருடம் செய்ததுபோலவே, கோல் காத்து நின்ற என் இடது கால் பேடை, அந்தத் தடித்த கவசத்தை, மட்டையால் தட்டினாய்.

"முழிச்சிருக்கியா, கிழவா?"

அரங்கமே சிரித்தது. "உன் கோல் அந்தப் பக்கம்டா" என்று உன் ஆட்கள் கத்தினார்கள். அப்புறம் எனக்கே இரண்டு கோல் போட்டாய், பாவி.

நீ போன பிறகு அந்தக் காலை யாரும் தட்ட நான் விட்டதில்லை. உன் இடத்துக்கு வந்த தியெரி மட்டையை நீட்டினால் திரும்பிக்கொள்வேன்.

உன் முழங்கால் வலி நம் இருவருக்குத்தான் தெரியும். டிசம்பரில் கோச் சந்தேகம் வந்து என்னைக் கூப்பிட்டு, "அவன் கால் தாங்குமா? நீ சொன்னா நம்புறேன்" என்றார். நான் தரையைப் பார்த்தேன்; அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். மறுநாளே உன்னை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். கிளம்பும்போது நீ என்னிடம் காரணம் கேட்கவில்லை.

பேடில் உன் மட்டையில் சுற்றிய கறுப்பு டேப்பின் கறை அப்படியே இருக்கிறது. துடைக்கவில்லை.

கடைசி ஆட்டத்தில் நீ கேட்டதற்கு இதுதான் பதில். முழிச்சுத்தான் இருக்கேன்டா. டிசம்பரிலிருந்து.

உன் கிழவன்