கைராசி

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தச் சிகிச்சை மையத்தில் கொஞ்ச நாளைக்குப் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று மாமா சொன்னார். விடுப்பு விண்ணப்பம் தவிர நான் எதுவும் எழுதிப் பழகியதில்லை. சுற்றி வளைக்கவும் தெரியாது. மேட்ரனிடம் சொன்னது நான்தான். வேறு யார் மேலும் சந்தேகப்பட வேண்டாம்.

வார்டில் ஒருத்தரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "கைக்குழந்தைக்காரி வேலைக்கு உலை வச்சிட்டியே. தனியாக் கூப்பிட்டுச் சொன்னா திருந்தியிருக்க மாட்டாளா?" என்று இன்சார்ஜ் சிஸ்டர் கேட்டார். சொல்லியிருந்தால் நீங்கள் அழுதிருப்பீர்கள், நான் இளகியிருப்பேன், அடுத்த ஷிஃப்டில் மறுபடி குத்திக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கு வந்திருப்பது வியாதி. வியாதிக்கு வைத்தியம்தான் பார்க்க வேண்டும்.

பாப்பா நன்றாக இருக்கிறாள். மாமா அவளுக்குக் குடுமி போட்டுவிடுவதைப் பார்த்தால் நம் வார்டின் சிக்கலான சலைன் டியூப் ஞாபகம் வருகிறது. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் 'அவசரம்'


மார்ச் 15

அவசரத்துக்கு,

நீ டீ குடிக்கப் போக, உன் பேஷண்டுகளுக்கெல்லாம் நான் ஊசி போட்டேன். நல்ல கைம்மாறு செய்துவிட்டாய்.

இங்கே என் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நான் பல் தேய்ப்பதை ஒருத்தி நின்று பார்க்கிறாள். உடம்பெல்லாம் முறிகிறது. பாப்பாவை நினைத்தால் பால் கட்டுகிறது.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மட்டும் எழுது. அதற்குப் பிறகு எழுதாதே.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டதால் எழுதுகிறேன்.

இடுப்பு ஆபரேஷன் ஆன டிரைவர் ஐயா ஞாபகம் இருக்கிறதா, ஆறாம் பெட்? "தம்பி, உங்களுக்குக் கைராசி. நீங்க குத்தினா வலி பறந்துடுது. அந்த சிஸ்டர் குத்தினா இருக்கிற வலியோட குத்தின வலியும் சேர்ந்துக்குது" என்றார். நான் அதை நம்பினேன். கேன்டீனில் எல்லாரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். நீங்கள்கூடச் சிரித்தீர்கள்.

பிறகு பக்கத்து பெட்காரரும் என் கையைத்தான் கேட்டார். அப்போதுதான் உறைத்தது. ஒரே மருந்து, ஒரே அளவு. மார்ஃபினுக்குக் கைராசி தெரியாது. நீங்கள் போட்டது வெறும் சலைன், உப்புத் தண்ணீர். மார்ஃபின் உங்கள் உடம்பில் ஏறியது.

அதன் பிறகு எல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. அடுத்தவர் பேஷண்டுக்கு ஊசி போட ஓடி வருவீர்கள். தங்கமான மனசு என்றோம். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கை ஸ்வெட்டர். குளிர் தாங்காத உடம்பு என்றோம். லீவு நாளிலும் வந்து நிற்பீர்கள். உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லி எனக்குத் திட்டு விழும். இத்தனை பேர் நர்ஸிங் படித்தோம், எதற்கு?

மேட்ரன் தன் ரூமிலிருந்து நீங்கள் வெளியே வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "மாட்டிக்கிட்ட இந்த நேரம்தான் ஆபத்து, தனியா விடாதே" என்றார். அதனால்தான் மாமா வரும்வரை பாத்ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நாயே என்றீர்கள். பரவாயில்லை.

இனி எழுதவில்லை.

அவசரம்


ஏப்ரல் 28

அன்புத் தம்பிக்கு,

எழுதாதே என்றால் உடனே நிறுத்திவிடுவதா? வேறு எதில் என் பேச்சைக் கேட்டிருக்கிறாய்?

முதுகுவலிக்கு என்றுதான் தொடங்கினேன். பேஷண்டுக்குப் போட்டதில் மிச்சம், வீணாகப் போவதுதானே என்று. பிறகு மிச்சம் போதவில்லை. டிரைவர் ஐயா பல்லைக் கடித்துக்கொண்டு "தேங்க்ஸ் சிஸ்டர்" என்பார். அந்தக் குரல் போகமாட்டேன் என்கிறது.

உனக்கு ஒன்று தெரியாது. அன்றைக்குப் பாத்ரூமுக்குள் போனபோது என் பையில் மருந்து இருந்தது. மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு முடித்துவிடத்தான் போனேன். வெளியே உன் நாற்காலி கிறீச் கிறீச் என்றது. உன்னால்தான் ஒரு நிமிஷம் சும்மா உட்கார முடியாதே. நடுநடுவே "அக்கா, இருக்கீங்களா?" என்று வேறு. உனக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் கை தளர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.

என் மகளுக்கு அம்மா இருக்கிறாள் தம்பி. அது உன்னால். இதற்கு மேல் எழுத எனக்கும் வரவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். புறநோயாளிகள் பிரிவு. மருந்து அலமாரிச் சாவி கிடையாது; கேட்கும்போதெல்லாம் சோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும். சம்மதித்துவிட்டேன். மருத்துவமனைத் தையல்காரரிடம் என் யூனிஃபார்ம் அளவு இருக்கிறது. இந்தத் தடவை அரைக்கை தைக்கச் சொல்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் எழுது. நான் மறுபடி தவறினால் மறுபடியும் போய்ச் சொல்வாயா?

அன்புடன்,
அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்வேன். அன்றைக்கே.

டிரைவர் ஐயா செக்கப்புக்கு வந்தார். கைத்தடியோடு நடக்கிறார். உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். விஷயம் அவருக்குத் தெரியும், மருத்துவமனையே சொல்லிவிட்டது. "சரியாகி வரட்டும், நான் திட்டணும்" என்றார். வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்சார்ஜ் சிஸ்டர் நேற்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கூடவே பன்னும் வாங்கிக் கொடுத்தார்.

அந்த நாற்காலிக்கு எண்ணெய் போட எடுத்துப் போனார்கள். வேண்டாம் என்று திரும்ப வாங்கி வைத்திருக்கிறேன்.

அரைக்கை தைத்தாயிற்று. திங்கள் காலை கேட்டில் நிற்பேன். சீக்கிரம் வாருங்கள், எனக்குக் காத்திருக்க வராது.

உங்கள்
அவசரம்