மூன்று முறை முடிந்த விண்ணப்பம்

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு அவர் இருக்கும் ஊருக்கே போய்விட்டாய். என் போனையும் எடுப்பதில்லை. அலுவலக மின்னஞ்சலில் இதை எழுத முடியாது. அதனால் காகிதம்.

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விட்டுக்கொள்ள அடம் பிடிக்கிறாள். என் பேச்சை இந்த வீட்டில் யார் கேட்டார்கள்?

எங்கள் ஆராய்ச்சி உதவி அலுவலகம்தான் இந்த வருடம் பல்கலைக்கழகத்தில் முதலிடம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. சிறந்த ஊழியர் என்று என் படத்தை நடைவழியில் மாட்டியிருக்கிறார்கள். கழிப்பறைக்குப் போகும் வழி அதுதான்.

அந்த மதிப்பெண் வந்த கதையைக் கேள். எங்கள் வேலையை அளக்க வெளியிலிருந்து ஓர் ஆலோசகரைக் கூட்டிவந்தார்கள். ஆராய்ச்சிக்கு நிதி கேட்கும் விண்ணப்பம் எங்கள் மேசைக்கு வந்த ஐந்து நாளில் முடிந்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். நிதி தரும் வாரியத்துக்கு அனுப்பினாலும் முடிந்தது. குறை சொல்லி ஆராய்ச்சியாளருக்கே திருப்பினாலும் முடிந்தது. திருத்தி மறுபடி வந்தால் அது புது விண்ணப்பம். நிதி கிடைத்ததா, ஆராய்ச்சி நடந்ததா என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. பதினெட்டு வருடம் ஒவ்வொன்றையும் வரிவரியாகப் படித்துச் செப்பனிட்டுக் கொடுத்தவன் நான். இயக்குநர் என்னிடம், "படிச்சு ரசிக்கவா சார் சம்பளம்? அஞ்சாம் நாள் மேசை காலியா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். அவர் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்.

உன் விண்ணப்பம் முதலில் பக்க எண் மேலே இருக்கிறது என்று திரும்பியது. அடுத்து, துறைத் தலைவர் நீல மையில் கையெழுத்திட்டார் என்று. பிறகு, தலைப்பில் இரண்டு வார்த்தை அதிகம் என்று. மூன்றையும் ஒரே தடவையில் சொல்லியிருக்கலாம். மூன்று தடவையும் திருப்பியவன் நான்தான்.

பக்கத்து மேசைக்காரர், "தங்கச்சி ஃபைலாச்சே, பூப்போல பார்ப்பீங்களே" என்று பல்லைக் காட்டினார். அந்தச் சூட்டில் யாரிடமும் காட்டாத கண்டிப்பை உன்னிடம் காட்டினேன். அது மட்டுமா? ஆறு வருடத்துக்கு முன் உன் வீட்டு விருந்தில், மாப்பிள்ளையின் நண்பர்களிடம், "எங்கண்ணன் யுனிவர்சிட்டியில ஃபைல் தள்றாரு" என்று சொல்லிச் சிரித்தாய். திருப்பும்போது அது என் நினைவில் இல்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

மூன்றாவது முறை அது உன் கைக்கு வந்தது, வாரியத்துக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாள் சாயங்காலம். பிறந்த நாள் முதல் காது கேட்கும் திறனை நீ சோதித்துவந்த முந்நூறு குழந்தைகள் நட்டாற்றில் நிற்கிறார்கள். எங்கள் கணக்கில் உன் ஒரே விண்ணப்பம் மூன்று வெற்றி.

நீ முறையீடு செய்திருப்பது தெரியும். நேற்று இயக்குநர் தன் கையாலேயே டீ கொண்டுவந்து வைத்தார். "அரைகுறையா வந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. கூடப் பிறந்த நீங்களே சொல்லிட்டா அப்புறம் பேச்சு ஏது?" என்று குழைந்தார். நான் எழுதவில்லை. டீயையும் தொடவில்லை, அது என் மேசையிலேயே ஆடை கட்டிக் கிடந்தது.

உன் விண்ணப்பம் வந்த தேதியும் திரும்பிய தேதியும் உள்ள பதிவேட்டுப் பக்கங்களை நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை முறையீட்டை விசாரிக்கும் குழு கூடுகிறது. அதற்குள் நகலையும் இந்தக் கடிதத்தையும் முறையீட்டோடு சேர்த்துவிடு. எனக்கு அவமானம் என்று எந்தப் பத்தியையும் அடிக்காதே. அண்ணன் வேலை போய்விடுமே என்று இரக்கப்படாதே. உன் இரக்கம் எனக்குப் பிடிக்காது. நிதி கிடைத்தால் முதல் வேலையாக அந்தக் குழந்தைகளைக் கூப்பிடு. நன்றாக இரு.

இன்னமும் அப்படிக் கூப்பிட உனக்கு மனமிருந்தால்,
உன் அண்ணன்